அந்த மூன்று பத்திகளைத் திரும்பச் சேருங்கள், ஐயா

மலர்க்குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் குழுவினருக்கும், தோத்திரம்.

பெண்கள் ஞாயிறு மலரின் அச்சுப்படி நேற்று கைக்கு வந்தது, நன்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விலைமாதர் என்று ஒதுக்கப்பட்ட பெண்களுக்காகப் போராடிய ஜோசஃபின் பட்லரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது ஆறு பத்தி. வந்திருப்பது மூன்று. போன் போட்டுக் கேட்டேன். "ஜெபிக்கிற அம்மா, குருவானவரின் மனைவி, அது போதாதா? குடும்பமாக உட்கார்ந்து படிக்கிற மலரில் அந்த விஷயமெல்லாம் எதற்கு?" என்று பதில் வந்தது.

அந்த விஷயத்தை எடுத்துவிட்டால் அந்த அம்மாவிடம் மிச்சம் என்ன இருக்கிறது, ஐயா?

1864இல் மகள் ஈவா மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து விழுந்து இறந்ததை விட்டுவைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் அந்தத் துக்கம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வெட்டிவிட்டீர்கள். 1866இல் லிவர்பூலுக்குக் குடிபோனவர், பிரவுன்லோ ஹில் ஏழைகள் விடுதிக்குப் போனார். கீழ்த்தளத்து ஈரத் தரையில் பெண்கள் பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அவர்கள் சிரித்தார்கள். பழக்கமான பிறகு ஒரு நாள், அவர்களில் ஒரு பெண் எழுந்து நின்று, "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்று யோவான் 14ஐ மனப்பாடமாகச் சொன்னாள். எல்லோரும் அந்தத் தரையிலேயே முழங்கால் போட்டார்கள். நம் மலருக்கு இதைவிட ஜெபக்கூட்டம் வேண்டுமா?

அடுத்து நீங்கள் அடித்தது தொற்றுநோய்ச் சட்டங்களை. சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வராமல் தடுக்க என்று கொண்டுவந்தவை. 1864இல் வந்து, 1866இலும் 1869இலும் இன்னும் இறுக்கிய சட்டம் அது. படைமுகாமும் துறைமுகமும் உள்ள ஊர்களில், சாதாரண உடுப்பில் திரியும் போலீஸ்காரருக்கு ஒரு பெண்ணை விலைமாது என்று சந்தேகம் வந்தால் போதும். இரும்புக் கருவியால் உடம்புக்குள் சோதனை. நோய் இருந்தால் மருத்துவமனையில் அடைப்பு, கடைசிச் சட்டத்தின்படி ஒன்பது மாதம் வரை. சோதனைக்கு வரமாட்டேன் என்றால் சிறை. அவளிடம் போன சிப்பாய்க்கு ஒன்றும் கிடையாது.

கென்ட் பகுதியில் ஒரு பெண் பட்லரிடம் சொன்னதை எழுதியிருந்தேன். முதலில் நான் தப்பு செய்தது ஓர் ஆணுக்காக, என்னைப் பிடித்தது ஆண், சோதித்தது ஆண், தண்டனை கொடுத்தது ஆண். ஆஸ்பத்திரியில் எனக்கு வேதம் வாசித்து ஜெபம் பண்ண வருவதும் ஆண்தான் என்றாளாம் அவள். இந்த வரிமேல் சிவப்பு மை இரண்டு தரம் ஓடியிருக்கிறது. கோடு போட்ட கை யாருடையதோ தெரியாது. ஆனால் குழுவில் எட்டுப் பேர், எட்டும் ஆண்கள். பெண்கள் ஞாயிறு மலருக்கு! அன்றைக்கும் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கப்போவது நாங்கள்தான். நகைக்கடை விளம்பரத்துக்கு முழுப்பக்கம், அதில் கழுத்து நிறைய நகை போட்ட பெண். அது மட்டும் குடும்பமாகப் படிக்கலாம் போலிருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

சொல்ல வந்தது இதுதான். இந்த அம்மா பிரார்த்தனையையும் போராட்டத்தையும் இரண்டு அலமாரியில் வைத்தவர் இல்லை. பாவியென்று ஊர் ஒதுக்கிய பெண்ணிடம் இயேசு எப்படிப் பேசினாரோ அப்படித்தான் பேச வேண்டும் என்பது அவர் விசுவாசம், அதனால்தான் மேடையேறினார். 1872இல் பாண்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலின்போது, பெண்களோடு கூட்டம் நடத்திய வைக்கோல் பரணுக்குக் கீழே எதிராளிகள் தீ வைத்தார்கள். அப்போதும் ஓயவில்லை. அவர் கணவர் திருச்சபை மாநாட்டில் இதைப் பற்றி வாசிக்க எழுந்தபோது, கூடியிருந்தவர்களே கூச்சல் போட்டு உட்காரவைத்தார்கள். பக்தியுள்ளவர்களுக்கு அந்த விஷயம் கூச்சமாக இருந்ததாம். 1886இல் சட்டம் ஒழிந்தது.

அதோடு அவர் வீட்டுக்குப் போய்விடவும் இல்லை. 1868இல் இந்தியாவுக்கும் இதே மாதிரி ஒரு சட்டம் வந்திருந்தது. நம் நாட்டுக் கண்டோன்மெண்டுகளில் வெள்ளைச் சிப்பாய்களுக்காகப் பெண்களைச் சோதித்து வைத்திருந்ததை எதிர்த்தும் கடைசிவரை எழுதினார். அதுவும் நீங்கள் வெட்டிய பத்தியில்தான் இருந்தது. நம் பெண்களுக்காகப் பேசியதை நம் சபையிலேயே சொல்லக்கூடாதா?

இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம். 14ஆம் பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது, ரோஜாப்பூப் படம் போட்டிருக்கிறீர்கள். பூவை எடுத்துவிட்டு அந்த மூன்று பத்திகளைப் போடுங்கள். "சோதனை" என்ற சொல் உறுத்தினால் நேரில் வந்து பேசுகிறேன், வேறு சொல் பார்ப்போம். ஆனால் பத்தி வேண்டும்.

சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்குள் தயவுசெய்து அந்த மூன்று பத்திகளையும் சேர்த்துவிடுங்கள். முடியாது என்றால் மீதி மூன்றையும் எடுத்துவிடுங்கள், என் பெயரோடு சேர்த்து.

இப்படிக்கு,
முப்பத்தொரு வருடமாக ஓய்வுநாள் பள்ளி எடுக்கும்
உங்கள் சபை அங்கத்தினள்