செட்சுகோ ஹாராவின் விலகல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய நடிகை செட்சுகோ ஹாராவைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, இயக்குநர் யசுஜிரோ ஓசு 1963இல் மறைந்த துயரத்தால்தான் அவர் நடிப்பைத் துறந்தார் என்கிறது; அவருடைய கடைசிப் படமோ 1962இலேயே வெளிவந்துவிட்டது. பதினைந்து வயதில், 1935இல் திரைக்கு வந்த அவர், விலகிய பிறகு காமகுராவில் பேட்டிக்கும் புகைப்படத்துக்கும் இடங்கொடாமல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தார். 2015 செப்டம்பரில் அவர் காலமானதுகூட நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. போர்க்காலப் பிரசாரப் படங்களில் நடித்ததைக் கட்டுரை தொடவே இல்லை. போகட்டும், ஓசு இயக்கத்தில் அவர் நடித்த ‘டோக்கியோ ஸ்டோரி’ படத்தின் (1953) முடிவில், இறந்த மாமியாரின் கடிகாரத்தை மாமனாரிடம் பெற்றுக்கொண்டு, ரயிலில் அதைத் திறந்து பார்த்தபடி பேசாமல் அமர்ந்திருப்பாரே, அந்த முகத்துக்காவது ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மதுரை