முதல் காமிக்ஸாக வாட்ச்மென் வேண்டாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், சூப்பர்ஹீரோ படங்களைப் பார்த்துவிட்டு காமிக்ஸ் பக்கம் வருகிறவர்கள் படிக்க வேண்டிய பத்து என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் பட்டியலில் முதல் இடத்தில் ‘வாட்ச்மென்’ இருந்ததைப் பார்த்ததும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். அக்கா மகள், கல்லூரியில் முதல் வருடம், படங்களை ஒன்றுவிடாமல் வரிசையாகப் பார்த்தவள், ஒருநாள் “மாமா, காமிக்ஸ்ல எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று வருடக்கணக்கில் காத்திருந்தவன் நான். யோசிக்கவே இல்லை, அலமாரியில் இருந்ததிலேயே கனமானதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தபோது அடையாளத்துக்கு வைத்திருந்த காகிதத் துண்டு மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை. “நடுவுல எதுக்கு மாமா கடல் கொள்ளைக்காரன் கதை வருது?” என்றாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். வாட்ச்மென் பழைய சூப்பர்ஹீரோ கதைகளுக்கு ஒரு பதில், அந்தக் கதைகளைப் படிக்காதவருக்கு அது எதற்கு? 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் வந்ததிலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருடம், முகமூடி போட்டவன் நல்லவன், கடைசியில் ஜெயிப்பான் என்றே பழகிவிட்ட வாசகர்களிடம், இப்படிப்பட்ட ஆட்கள் நிஜமாகவே இருந்தால் உலகம் என்ன கதி ஆகும் என்று 1986இல் எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் அதில் கேட்டார்கள். மூர் முதலில் சார்ல்டன் என்ற சின்ன நிறுவனத்தின் பழைய ஹீரோக்களை வைத்துத்தான் அந்தக் கதையை யோசித்தார், அவர்களை அப்போது சூப்பர்மேன், பேட்மேன் இதழ்களைப் போடுகிற டிசி நிறுவனம் வாங்கியிருந்தது. பிறகு அது புது ஆட்களாக மாறியது. யார் யாருடைய சாயல் என்று தெரிந்தவர்களுக்கு அதில் தனி ருசி. அதிலும் ஐந்தாம் அத்தியாயம் இருக்கிறதே, முதல் பக்கத்தின் கட்டங்களும் கடைசிப் பக்கத்தின் கட்டங்களும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று பொருந்தும், இரண்டாவது பக்கம் கடைசிக்கு முந்தியதோடு பொருந்தும், இப்படியே நடுப்பக்கம் வரை. எனக்கு அது மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. இதைப் போய் முதல் புத்தகமாகக் கொடுப்பது, மொழியே தெரியாதவரிடம் சிலேடை சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லையே என்று கோபித்துக்கொள்வது மாதிரி.

இரண்டாவது தடவை கொஞ்சம் புத்தி வந்திருந்தது. புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் அவளிடம், படங்களில் உனக்கு எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டேன். சண்டை இல்லாத இடங்கள் என்றாள். சண்டை முடிந்து வீட்டுக்கு வந்து அந்த ஆள் என்ன செய்வான், அதுதான் வேண்டுமாம். சரி என்று மாட் ஃப்ராக்‌ஷன் எழுதி டேவிட் அஹா வரைந்து 2012இல் தொடங்கிய ‘ஹாக்ஐ’ என்கிற வில்லாளி ஹீரோவின் தொடரைக் கொடுத்தேன். மொத்தமே 22 இதழ்கள்தான், எல்லாவற்றையும் அஹாவே வரையவில்லை என்றாலும் அவர் வரைந்த இதழ்கள் போதும். அதில் 11ஆம் இதழ் முழுக்க ஒரு ஒற்றைக்கண் நாயின் பார்வையில் நகர்கிறது. மனிதர்கள் பேசுகிற பலூன்களில் முக்கால்வாசி வெறும் கிறுக்கல், நாய்க்குத் தெரிந்த ஓரிரண்டு சொற்கள் மட்டும் படிக்கிற மாதிரி இருக்கும். யாராவது எதிரில் வந்தால் அவரைச் சுற்றிச் சின்னச் சின்னப் படங்கள் கோடு போட்டு விரியும், அந்த ஆளின் வாசனை, அந்த வாசனையோடு நாயின் நினைவில் ஒட்டியிருப்பவை எல்லாம். ஒரு கொலையை அந்த நாய் மோந்து பார்த்தே துப்புத் துலக்குகிறது, நமக்குப் புரிகிறது, பக்கத்தில் நிற்கிற மனிதர்களுக்குப் புரியவில்லை. சினிமாவில் இதை இப்படிச் செய்யவே முடியாது, கட்டம் போட்ட காகிதத்தில்தான் முடியும். அன்று ராத்திரியே அடுத்த தொகுப்பைக் கேட்டுச் செய்தி அனுப்பினாள்.

இதனால்தான் பட்டியலைவிட ஆளைப் பார்த்துச் சொல்வது நல்லது என்கிறேன். முடிவே இல்லாமல் இழுக்கிற கதை பிடிக்காது என்பவருக்கு ராபர்ட் கிர்க்மனின் ‘இன்வின்சிபிள்’, 2003இல் ஆரம்பித்து 2018இல் 144ஆம் இதழோடு முடிந்தேவிட்டது, ஆனால் ரத்தம் பார்க்கத் தைரியம் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்றால் கமலா கான் வருகிற 2014ஆம் வருட ‘மிஸ் மார்வெல்’. சூப்பர்மேன் என்றாலே சலிப்பு என்கிறவரிடம் கிராண்ட் மாரிசனும் ஃப்ராங்க் க்வைட்லியும் செய்த ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ முதல் பக்கத்தை மட்டும் காட்டினால் போதும். கிரகம் அழிந்ததிலிருந்து குழந்தையைத் தம்பதி எடுத்துக்கொண்டது வரை மொத்தப் பிறப்புக் கதையும் நாலே கட்டம், எட்டே சொல். திரைப்படங்கள் அதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

என் நண்பன் ஒருவன் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டான். எதுவானாலும் முதல் இதழிலிருந்து படிக்க வேண்டும் என்பது அவன் கட்சி, எக்ஸ்-மென் என்றால் 1963. நான் சொல்வது 1975, கிறிஸ் கிளேர்மான்ட் கைக்குத் தொடர் வந்து 16 வருடம் ஓடிய காலம், அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் 1981இல் ஜான் பைர்னோடு அவர் செய்த, எதிர்காலத்திலிருந்து எச்சரிக்கை வருகிற, ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ என்ற இரண்டே இதழ்க் கதையைப் படித்தால் போதும். அதுவும் போக, முதல் இதழ் என்றால் எந்த முதல் இதழ்? ஆக்‌ஷன் காமிக்ஸ் 904 வரை போய் 2011இல் மறுபடி ஒன்று என்று ஆரம்பித்தது, 2016இல் யாருக்கோ மனசு மாறி 957க்குத் தாவியது, 2018இல் ஆயிரமாவது இதழைக் கொண்டாடினார்கள். இதில் எங்கே வரிசை பார்ப்பது? இதைச் சொன்னால் மட்டும் நண்பன் பேச்சை மாற்றிவிடுவான்.

ரசிகர்கள் ஒரு கருத்தில் நின்றுவிட்டால் லேசில் விடமாட்டார்கள். 1988இல் பேட்மேனின் கூட்டாளி ராபினாக இருந்த ஜேசன் டாட் சாகலாமா வேண்டாமா என்று டிசி தொலைபேசியில் ஓட்டெடுப்பு நடத்தியது. சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 ஓட்டில் பையன் கதை முடிந்தது.

இன்னொரு குறை. உங்கள் பட்டியலில் பத்துக்கும் எழுத்தாளர் பெயர் இருக்கிறது, ஓவியர் பெயர் ஒன்றுகூட இல்லை. ஹாக்ஐ பிடித்தது என்றால் பாதி அஹாவைப் பிடித்தது என்று அர்த்தம், அவர் பெயர் தெரியாவிட்டால் அடுத்து எதைத் தேடுவது? ஹீரோவின் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் நடக்காது, ஒரே பேட்மேன் நூறு பேர் கையில் நூறு விதம். பெயர் போடாமல் விடுவது இந்தத் தொழிலின் பழைய வியாதியும்கூட. 1939இல் பாப் கேனோடு சேர்ந்து பேட்மேனை உருவாக்கிய பில் ஃபிங்கர் 1974இல் இறந்துபோனார், அவருக்கும் பங்கு உண்டு என்று அதிகாரபூர்வமாகப் பெயர் போட 2015 ஆனது. நீங்களும் அந்தக் கணக்கில் சேர வேண்டாமே. அடுத்த முறை இடம் போதாவிட்டால் பத்தை ஏழாக்குங்கள்.

கடைசியாக ஒரு பிழை. ‘பேட்மேன்: இயர் ஒன்’ 1939இல் வந்த முதல் பேட்மேன் கதை என்று அச்சாகியிருக்கிறது. அது 1987இல் ஃப்ராங்க் மில்லர் எழுதி டேவிட் மாஸுகெல்லி வரைந்தது, நாலு இதழ். ஆனால் இதற்காகச் சண்டைக்கு வரவில்லை. டிசியின் போட்டி நிறுவனமான மார்வெலின் இதழ்களில் ஒரு காலத்தில் வாசகர் கடிதப் பகுதி ஏக ரகளையாக இருக்கும், 1963இல் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் என்கிற பள்ளிக்கூடப் பையன் ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு எழுதிய பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கிறது, பின்னாளில் அவர் எழுதப்போன, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடராக வந்த நாவல்களை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பகுதியில் தப்பைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது ஏன் தப்பே இல்லை என்று சாமர்த்தியமாக விளக்கவும் வேண்டும், விளக்கினால் ‘நோ-ப்ரைஸ்’ என்று ஒரு பரிசு தபாலில் வரும். உறைமேல் வாழ்த்து அச்சிட்டிருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

எனவே என் விளக்கம்: கதைப்படி அது புரூஸ் வெய்ன் முகமூடி போட்ட முதல் வருடம், அதனால் எப்போது அச்சானாலும் முதல் கதை அதுதான், உங்கள் உதவி ஆசிரியர் சொன்னது சரி. காலி உறையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்