ஊசிக்குப் பயந்தவள் எழுதுவது

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய், திட்டு. பேத்திக்குக் காய்ச்சல், அது இறங்கியதும் எனக்குக் காய்ச்சல், நடுவில் மாடிப்படியில் கால் வழுக்கி முட்டி வீங்கி, எல்லாம் அடங்கி இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். உன் மகனுக்கு வேலை மாறியதில் ரொம்ப சந்தோஷம், அதை அப்புறம் பேசலாம். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சொல்வதுபோல ஒளித்து வைத்திருந்தாயே ஒரு விஷயம், அதற்கு முதலில் வருகிறேன்.

ஃபேட்டி லிவர், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று சொன்னார்கள், புது மருந்துக்கு ட்ரையல் நடக்கிறதாம், சேருகிறீர்களா என்று கேட்டார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம்கூடச் சொல்லாத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. 2023-இல் என்னையும் இதே கேள்வி கேட்டார்கள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, என் தங்கையிடம்கூட. கல்லீரல் என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று உனக்கே தெரியும். ஒரு சொட்டு குடித்ததில்லை, ஆனாலும் முதல் நாளே டாக்டர் கேட்டார், பிறகு நர்ஸ் கேட்டார், பிறகு ஒரு படிவம் கேட்டது, வாரத்துக்கு எவ்வளவு என்று. கேட்கத்தான் வேண்டும், வேறு காரணத்தால் வந்ததா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் மூன்றாவது முறை "இல்லை" என்று எழுதும்போது பொய் சொல்கிறவள் மாதிரி எனக்கே கை நடுங்கியது. அதே வருஷம்தான் இந்த நோயின் பெயரை உலகம் முழுக்க மாற்றினார்கள். பழைய ஆங்கிலப் பெயரில் இருந்த மது என்ற சொல்லையும் கொழுத்த என்ற சொல்லையும் எடுத்துவிட்டு மாஸ்எல்டி என்று வைத்தார்கள். கொழுப்போடு கல்லீரல் அழற்சியும், அதாவது உள்வீக்கமும், சேர்ந்துவிட்டால் மாஷ். பெயர் மாறினால் எல்லாம் மாறுமா என்று சிரித்தவர்களும் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் பட்டது.

சரி, ட்ரையல். இந்த நோயில் இருக்கிற தனி வேடிக்கை என்ன தெரியுமா, இது வலிக்காது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும், இல்லையென்றால் ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்கிற கல்லீரல் அளவு கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். நீ எப்போதும்போல நடப்பாய், தூங்குவாய், சண்டை போடுவாய். அப்படி இருக்கும்போது ஒருவர் வந்து, அம்மா, உங்கள் விலாவுக்கு நடுவில் ஊசி விட்டுக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுப்போம், ஒன்றரை வருஷம் கழித்து இன்னொரு முறை எடுப்போம், நடுவில் இத்தனை தடவை வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுங்கள் என்றால் மனசு எதைச் சொல்லும்? பெரிய நோய்க்காரர்கள் ட்ரையலில் சேருவது வேறு கதை, அவர்களுக்கு நோயே வலி. நமக்கு நோய் சும்மா இருக்கிறது, வலியெல்லாம் ட்ரையலில்தான் இருக்கிறது. டாக்டர்கள் பலருக்கு இது புரிகிற மாதிரி தெரியவில்லை. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் வரலாம், கேன்சர் வரலாம் என்று பத்து இருபது வருஷம் தள்ளி இருக்கிற பூச்சாண்டியைக் காட்டுகிறார்கள். அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரத்து ஊசிதான் எனக்குக் கண்முன் தெரிந்தது.

காத்திருக்கும் அறையில் நாலைந்து பேரோடு பழக்கமாயிற்று. ஒருவர் ஓட்டுநர், என்னைவிட இளையவர். மருந்தே இல்லாத டம்மி மாத்திரை கிடைத்தால் நான் ஏமாந்தவன்தானே என்று நாற்காலியில் உட்காராமலே கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேரில் இரண்டு பேருக்கு மருந்து, ஒருவருக்கு டம்மி என்று அவருக்கு விளக்கினார்கள். அதற்கு அவர், அந்த ஒருத்தன் நான்தான், எனக்கு எப்போதும் அப்படித்தான் என்றார், எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சேரவில்லை. இன்னொரு அம்மாவின் அண்ணன் கல்லீரல் சுருங்கியே போய்ச் சேர்ந்தவர். எனக்கு டம்மி கிடைத்தாலும் பரவாயில்லை, என் பிள்ளைகளுக்காவது ஒரு மாத்திரை இருக்கட்டும் என்றார். அதோடு நிறுத்தாமல் என் காதருகே குனிந்து, இங்கே மாசாமாசம் ஒருத்தர் உட்கார்ந்து என்னைக் கேட்கிறார்கள், வெளியே எந்த டாக்டர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பார்க்கிறார் என்றார். அந்த இரண்டாவது காரணம்தான் நிஜமான காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம். பெரிய மனசும் உண்டு, கவனிப்புக்கு ஏங்குவதும் உண்டு, இரண்டையும் யார் பிரித்துப் பார்ப்பது.

எனக்கு மனசு மாறியது எப்படி என்று கேட்டால் சிரிப்பாய். முதலில் வந்த பையன், கோஆர்டினேட்டராம், பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டே இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று கையெழுத்துப் போட வேண்டிய இடங்களுக்குப் பென்சிலில் குறி போட ஆரம்பித்தான். எனக்குச் சுர்ரென்று வந்தது, எழுந்து வந்துவிட்டேன். வாசலில் வயதான நர்ஸ் ஒருவர் நிறுத்தி, படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், பத்து நாள் வைத்திருங்கள், வேண்டாம் என்று தோன்றினால் போன்கூடச் செய்ய வேண்டாம், நாங்கள் உங்களைப் பார்க்கிற வைத்தியத்தில் எதுவும் குறையாது என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி விட்டவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே சரி என்றேன். நடுவில் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம் என்று படிவத்திலும் இருந்தது, ஆனால் எழுத்தில் இருப்பதும் ஒருவர் முகம் பார்த்துச் சொல்வதும் ஒன்றா?

இப்போது பயாப்ஸி, அதுதான் அந்தத் துணுக்கு எடுப்பது. நீ பயப்படுவது அதற்குத்தான் என்று வரிக்கு வரி தெரிகிறது, அதனால் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். மல்லாக்கப் படுக்கவைத்து வலது கையைத் தலைக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். ஸ்கேன் கருவியை விலாவில் வைத்துப் பார்த்துப் பேனாவால் ஒரு குறி. மரத்துப்போகிற ஊசி முதலில், அதுதான் உண்மையில் சுருக்கென்று எரிந்தது. அப்புறம், மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்கள் என்றார்கள். டக் என்று ஒரு சத்தம், ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி. முடிந்துவிட்டது. எடுத்ததைக் காட்டுங்கள் என்று நான்தான் கேட்டேன். குட்டிப் பாட்டிலில், தண்ணீர் மாதிரி ஒரு திரவத்தில், நைந்த நூல் துண்டு ஒன்று மிதந்தது, என் சுண்டுவிரலின் ஒரு கணு நீளம்கூட இருக்காது. முழுக் கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதானாம் அது. அதை வைத்தா முழுசையும் எடைபோடுகிறீர்கள் என்று கேட்டேன். அந்தக் குறை அவர்களுக்கும் தெரியும். ஒரே துணுக்கைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் வேறு வேறு மதிப்பெண் போடுவதும் உண்டு.

வலி எங்கே வந்தது தெரியுமா, வலது தோளில்! ஊசி குத்தியது விலாவில், வலித்தது தோளில். கல்லீரலுக்கு மேலே இருக்கிற உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேருவதால் மூளை இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறது என்று நர்ஸ் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் மாரடைப்போ என்று பயந்திருக்க மாட்டேன். ரத்தக் கசிவு அபூர்வம்தான், ஆனால் வந்தால் சாதாரணமில்லை, அதனால்தான் வலது பக்கம் திரும்பி, அந்த இடம் அழுந்துகிற மாதிரி மணிக்கணக்கில் படுக்க வைத்து, பிரஷரும் நாடியும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரம்தான் கொடுமை. நான் யாரிடமும் சொல்லாமல் போனேன் இல்லையா, கூட ஆள் கிடையாது. எதிரே வெறும் சுவர், சுவரில் ஒரு ஸ்விட்ச்போர்டு, அதில் ஒரு திருகாணி இல்லை. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நாலு மணி நேரம்.

இத்தனையும் பட்டு என்ன ஆயிற்று? ட்ரையலுக்கு நான் தேறவில்லை. கல்லீரலில் விழுந்த தழும்புக்கு எஃப் 0 முதல் எஃப் 4 வரை மதிப்பெண் போடுகிறார்கள், கடைசி சிரோசிஸ். இந்த மாதிரி பல ட்ரையல்களுக்கு எஃப் 2, எஃப் 3 ஆட்கள்தான் வேண்டும். எனக்கு எஃப் 1. சந்தோஷப்பட வேண்டிய செய்தி, ஆனால் பரீட்சையில் பெயிலான மாதிரி உட்கார்ந்திருந்தேன், என்னமோ என் கல்லீரல் போதுமான அளவுக்குக் கெட்டுப்போகவில்லை என்று வருத்தம்! இப்படித் திரும்பி வருகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் போச்சு, சமீபத்தில் எடை அதிகம் ஏறினாலும் இறங்கினாலும் போச்சு. ஒரு டாக்டர் எடையைக் குறை குறை என்கிறார், குறைத்தால் இன்னொருவர் எங்களுக்கு நீ வேண்டாம் என்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தேறவில்லை என்று சொன்ன அந்த ஒரு போனுக்குப் பிறகு அங்கிருந்து யாரும் கூப்பிடவே இல்லை. துணுக்கு எடுத்த அறிக்கையின் நகலை நானே இரண்டு முறை போய் நின்று வாங்கினேன். என் உடம்பிலிருந்து எடுத்ததுடி அது. இந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, மறைக்க மாட்டேன்.

எனக்கும் உனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைக் கவனி. 2023-இல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு ஒப்புதல் கொடுக்கிற எஃப்.டி.ஏ. மாஷுக்கு என்று ஒப்புக்கொண்ட மருந்து ஒன்றுகூடக் கிடையாது. 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் வந்தது, மாத்திரை. 2025 ஆகஸ்ட்டில் செமாகுளுடைடு, சர்க்கரைக்கும் எடைக்கும் போடுகிறார்களே அதே வார ஊசி. முதலாவதில், பெரிய டோஸ் எடுத்தவர்களில் ஒரு வருஷத்தில் வீக்கம் தணிந்தவர்கள் நூற்றுக்கு 30 பேர், டம்மி எடுத்தவர்களில் 10 பேர். இரண்டாவதில் 72 வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 63 பேர், டம்மியில் 34 பேர். டம்மிக்காரர்களில் 34 என்பதைப் பார்த்து அந்த ஓட்டுநரை நினைத்துக்கொண்டேன். மாதாமாதம் பார்க்கிறார்கள், சாப்பாட்டைக் கேட்கிறார்கள், அதிலேயே சிலருக்கு உடம்பு தேறிவிடுகிறது போல, அதோடு துணுக்கு எடுப்பதில் வரும் ஏற்ற இறக்கமும் உண்டு. ஆனால் மருந்து வந்துவிட்ட பிறகு நோயாளி கேட்க வேண்டிய கேள்வி மாறிவிட்டது. வெளியே ஒப்புதல் பெற்ற மருந்து இருக்கும்போது என்னை ஏன் டம்மியில் வைக்கிறீர்கள், நடுவில் டாக்டர் அந்த மருந்தைக் கொடுக்க நினைத்தால் விடுவீர்களா, இதை நேராகவே கேள். முகம் சுளித்தால் வந்துவிடு.

கேட்க இன்னும் இரண்டு உண்டு. பயாப்ஸி மொத்தம் எத்தனை, ஊசி இல்லாமல் தழும்பைக் கணிக்கிற ஃபைப்ரோஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ போதாதா என்பது ஒன்று. எல்லாம் முடிந்தபின் எனக்குக் கொடுத்தது மருந்தா டம்மியா என்று சொல்வீர்களா, எப்போது என்பது இன்னொன்று. ரெஸ்மெட்டிரோம் ட்ரையலே 54 மாதத்துக்குத் திட்டமிட்டது, அதனால் எப்போது என்பதை அழுத்திக் கேள்.

சேரு என்றோ சேராதே என்றோ நான் சொல்ல மாட்டேன், உன் மதிப்பெண் என்ன என்றே எனக்குத் தெரியாது. நான் எடையில் பத்து சதவீதம் குறைக்கப் பார்த்து ஆறு வரை வந்தேன், பத்து வந்தால் தழும்பே பின்வாங்கலாம் என்கிறார்கள், முட்டி வீங்கியதில் நடை நின்று மறுபடி ஐந்து ஆகிவிட்டது. மறுபடி யாராவது கூப்பிட்டால் போவேனா என்று யோசித்துப் பார்த்தேன். அந்த நர்ஸ் இருந்தால் போவேன்.

பயாப்ஸி தேதி கொடுத்தால் உடனே எழுது, எழுதாதே, போன் செய். முந்தின நாளே வந்துவிடுகிறேன். நீ வலது பக்கம் திரும்பிப் படுத்திருக்கும்போது சுவருக்கும் உனக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கொள்கிறேன், உன் மகன் வேலை மாறின கதையை அப்போது முழுசாகச் சொல்லு.

உன்
சரஸ்