இரண்டாம் தவணை முடிவில் அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. தமிழ்த்தினப் போட்டியில் நம் பிள்ளைகள் வலய மட்டம் வரை போய் வந்தார்கள். புலமைப்பரிசில் வகுப்புக்காக ஆசிரியைமார் பின்னேரங்களிலும் நின்று படிப்பித்தார்கள். சிரமதானத்துக்கு வந்து தண்ணீர்த் தாங்கியைக் கழுவித் தந்த தந்தைமாருக்கு நன்றி. தேர்ச்சி அறிக்கைகள் விடுமுறைக்கு முன் கைக்கு வரும்.

சரி, இனி விடயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் இடைவேளையில் தரம் 4 பிள்ளை ஒருத்தி, தோழியின் பெட்டியிலிருந்து பிட்டும் சம்பலும் எடுத்துச் சாப்பிட்டாள். சம்பலில் கூனி, அதாவது காயவைத்த சின்ன இறால், இருந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உதடு வீங்கி, "தொண்டைக்குள்ள என்னவோ செய்யுது ரீச்சர்" என்றாள். குரலே மாறியிருந்தது. உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுத்தோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இரவு வைத்துப் பார்த்து, மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். இப்போது சுகமாக இருக்கிறாள். பெற்றோரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எங்களிடம் இருக்கும் சுகாதாரப் படிவத்தில் 'ஒவ்வாமை' என்ற இடத்துக்கு நேரே எழுதியிருந்தது 'இல்லை'. அந்த ஒரு தாயை மட்டும் குறை சொல்ல முடியாது. மற்றப் படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் அதே 'இல்லை'தான், சிலவற்றில் பிள்ளையே எழுதிய கையெழுத்தில்.

கிரந்திச் சாப்பாடு என்று நாம் தள்ளிவைப்பவை எல்லாம் ஒன்றல்ல. கத்தரிக்காய் தின்று நாக்குக் கொஞ்சம் அரிப்பது பெரும்பாலும் அத்தோடு போய்விடும். பால் குடித்து வயிறு ஊதுவது பாலிலுள்ள சீனி செரிக்காததால். வெயிலில் கிடந்த சூரை மீனைச் சாப்பிட்டால் யாருக்கும் முகம் சிவந்து தலையிடிக்கலாம். அது மீன் பழுதானதன் விளைவு. ஒவ்வாமை வேறு. இறாலிலோ கச்சானிலோ (நிலக்கடலை) முட்டையிலோ உள்ள ஒரு புரதத்தை உடம்பு பகையென்று எண்ணி, அதற்கெதிராக ஐ.ஜி.ஈ என்னும் பிறபொருளெதிரியை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் உள்ளே போனதும் ஹிஸ்டமின் முதலான பதார்த்தங்கள் ஒரேயடியாக வெளியேறும். அனேகமாகச் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே "முந்தித் தின்றபோது ஒன்றும் செய்யவில்லையே" என்பதை நம்பியிருக்க முடியாது. போன முறை வெறும் தடிப்போடு நின்றது இந்த முறை மூச்சில் போய் முடியலாம். இறாலின் அந்தப் புரதம் சூட்டுக்கும் அசையாது. காயவைத்த கூனியிலும் இருக்கும், பொரித்த இறால் வடையிலும் இருக்கும்.

பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். கச்சானும் இறாலும் நண்டும் அப்படி இலேசில் விடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் சரிவரும் என்று சிலர் சொல்கிறார்கள். லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை வரக்கூடிய கைக்குழந்தைகளுக்கு நேரத்தோடு கச்சான் கொடுத்துப் பழக்கியதில் கச்சான் ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் அது வருமுன் காக்கிற வழி. வந்துவிட்ட பிள்ளையிடம் அடுப்படியில் வைத்துப் பரிசோதனை செய்யவேண்டாம். அதை வைத்தியர் பக்கத்தில் நின்றுதான் செய்யவேண்டும்.

பிரிற்றன் குளிசை அரிப்பைத் தணிக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது. அதற்கு மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது. வெளிநாடுகளில் அதைப் பேனா போன்ற ஊசியாகப் பிள்ளைகளே பையில் வைத்துத் திரிகிறார்கள். நம் பாடசாலையில் அது இல்லை, ஆகவே நேரம்தான் முக்கியம். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் நிமிர்ந்து உட்கார விடுங்கள். எழும்பி நடக்க விடாதீர்கள். 1990க்கு எடுங்கள். தெளிந்த பிறகும் சில மணித்தியாலங்களில் திரும்பி வரக்கூடும் என்பதால்தான் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள், அவசரப்பட்டுத் துண்டு வெட்டிப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வரவேண்டாம். பார்வை பார்த்து நூல் கட்ட விரும்புகிறவர்கள் அதற்குப் பிறகு போங்கள், நான் மறிக்கவில்லை.

ஒரு தகப்பனார் என்னிடம் நேரிலேயே சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளை ரீச்சர், எழுத்தில குடுத்தா நாளைக்குக் கல்யாணம் பேசேக்க வருத்தக்காரி எண்டுருவாங்க." அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் சொல்கிறேன்: ஒன்பது வயதுப் பிள்ளையின் கல்யாணத்தை அப்புறம் பேசலாம், முதலில் அவள் பத்து வயதைக் காணட்டும். மறைத்து எழுதுகிற 'இல்லை'க்கு வகுப்பாசிரியை பொறுப்பெடுக்க முடியாது. அடுத்த தவணையில் சரியாக நிரப்பிய படிவம் தராத பிள்ளை யாராக இருந்தாலும் கல்விச் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றமாட்டேன். இதில் சிபாரிசுக்கு இடமில்லை.

படிவம் என் அலுமாரியில் பூட்டியிருக்கும். வகுப்பாசிரியைக்கும் சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கும் தேவையானது மட்டும் சொல்லப்படும்.

"ஒரு பிள்ளைக்காக எல்லாரும் கச்சான் கொண்டுவரக் கூடாதா?" என்று கேட்டவர்களுக்கு: நான் கச்சானைத் தடைசெய்யவில்லை. மாமாங்கத் திருவிழா நடக்கும்போது கச்சான் இல்லாத வகுப்பு என்பது நடக்கிற காரியமா? பெட்டி மாற்றிச் சாப்பிடவேண்டாம் என்று வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள். பிறந்தநாளுக்கு இனிப்போ கேக்கோ கொடுப்பதென்றால் முதல் நாளே வகுப்பாசிரியையிடம் அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

தரம் 2இல் கச்சான் ஒத்துக்கொள்ளாத ஒரு மகன் படிக்கிறான். அவன் தாய் சேர்க்கிற அன்றே எழுதித் தந்தார். அந்த வகுப்புப் பிள்ளைகள் கச்சான் தின்றால் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கையும் வாயும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். வாசலில் நின்று ஒருவர் கையை ஒருவர் மணந்தும் பார்க்கிறார்கள். அந்தத் தாய்க்கும், பிள்ளைகளை அப்படிப் பழக்கிய பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி. தவணை முழுக்க நீங்கள் தந்த ஒத்துழைப்புக்கும் நன்றி.

புதிய படிவம் இதனுடன் இருக்கிறது. மூன்றாம் தவணை தொடங்கும் நாளில், தாயோ தந்தையோ தங்கள் கையால் நிரப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
அதிபர்
மட்டக்களப்பு