வரைவு இறுகுவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு தேறிவிட்டது என்று படித்ததும் மனம் நிம்மதியானது. பார்வையற்றோர் சங்க வேலையில் முழுமூச்சாக இறங்கியிருக்கிறாய், தர நிர்ணயக் குழு ஒன்றில் சேரவும் உன்னை அழைத்திருக்கிறார்கள் என்பது பெரிய மகிழ்ச்சி. "பொறியாளர்கள் கூடும் இடத்தில் எனக்கென்ன வேலை?" என்று கேட்டிருக்கிறாய். தயங்காமல் போ.

மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2008-இல் வெளியான இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது அது. பார்வை 20/40 அளவுக்கு மங்கியவர்களை மனத்தில் வைத்து வகுத்த எண் அது. எண்பது வயதை ஒட்டியவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் பார்வை. "படிக்கக் கண் வலிக்கிறது" என்ற முறையீட்டை எந்த வடிவமைப்பாளரும் தட்டிக்கழித்துவிடலாம். எண்ணை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது, அளந்து பார்த்துவிடலாம். உன் சங்கத்தார் வாய்விட்டுச் சொல்லும் குறைகளை இப்படி அளக்கக்கூடிய வரிகளாக மாற்றும் வேலை அந்தக் குழுவில்தான் நடக்கும்.

ஆனால் இடம் கிடைத்தாலே பேச்சு எடுபடும் என்று நம்பிவிடாதே. இணையத்தின் அடிப்படை விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் யார் வேண்டுமானாலும் பங்கேற்கலாம், வரைவுகளும் இலவசம். இருந்தும், நிறுவன ஊழியருக்கு அந்த நேரம் சம்பள நேரம், தன்னார்வலருக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் நேரம். ஆண்டுக்கு மூன்று கூட்டங்கள், பயணச் செலவு, பல ஆண்டுகள் நீளும் விவாதம். இதில் சளைத்து விலகியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

2017-இல் நடந்ததும் உனக்கு நினைவிருக்கும். இணைய வீடியோக்களை நகலெடுக்கவிடாத பூட்டுமுறையோடு உலாவியை இணைக்கும் வழியை, வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தரமாக ஏற்றது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் மீதும், மாற்றுத்திறனாளிகளுக்காக அந்தப் பூட்டைத் தாண்டுவோர் மீதும் வழக்குத் தொடுக்கமாட்டோம் என்று உறுப்பினர்கள் உறுதி தர வேண்டும் எனக் கேட்டது இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன். கோரிக்கை ஏற்கப்படவில்லை, அவர்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டில்தான், கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகளை எழுதுவோர் மனித உரிமை குறித்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளைத் தொகுத்த ஆர்.எஃப்.சி. 8280 என்ற ஆவணமும் வெளியானது. இரண்டையும் படித்துவிட்டுப் போ.

பொதுமக்கள் கருத்துக்கு வரைவு வரும்வரை காத்திருக்காதே. அதற்குள் பெரிய முடிவுகள் இறுகிவிடும், சொல் திருத்தம்தான் மிஞ்சும். தேவைகளைப் பட்டியலிடும் முதல் கூட்டத்திலேயே இரு. சம்மதம் சொல்லும் முன் பயணப்படியையும், திரைவாசிப்பானில் படிக்கக்கூடிய ஆவணங்களையும் எழுத்தில் கேட்டு வாங்கு.

வரைவு கையில் கிடைத்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. கணக்கு வரும் பகுதிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்