கையும் மூக்கும் வழிகாட்டும் பூங்காவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், பனையேறி ஐயாமாருக்கும், வலை பின்னும் அக்காமாருக்கும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்து உதவிய எல்லாருக்கும் வணக்கம்.

பார்வையில்லாதவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் தொட்டு, முகர்ந்து, கேட்டுச் சுற்றிவரும்படி நம் கடற்கரையில் அமைந்த பூங்கா இன்று பச்சைபிடித்து நிற்கிறது. பொதுவாக நன்றி என்று சொல்லிவிட்டுப் போனால் எவர் கைவேலையால் எது நிலைத்தது என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரியாது. அதனால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

பனையேறிகளுக்கு முதல் நன்றி. கச்சான் காற்றில் வரும் உப்புத்துளி இலையில் படிந்து காய்ந்தால் அதன் ஈரத்தை இழுத்துவிடும். நுனியும் ஓரமும் முதலில் கருகும். இதைத் தடுக்கக் கெட்டிச் சுவர் எழுப்பினால் காற்று அதன்மேல் ஏறிக் குதித்து, பின்னால் நிற்கும் செடியைச் சுழற்றி அடிக்கும். சந்து விட்டுக் கட்டிய பனைமட்டை வேலியோ காற்றை உள்ளே விட்டு, அதன் வேகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். வேலியின் உயரத்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு தூரத்துக்குக் காற்று அடங்கியிருக்கும். நீங்கள் தந்த மட்டையும், "பாதிக்குப் பாதி சந்து விடுங்க" என்று சொன்ன சொல்லும்தான் உள்ளே இருக்கும் அத்தனை செடிக்கும் காவல்.

தங்கச்சிமடத்துப் பதியன் தோட்டத்தாருக்கு அடுத்த நன்றி. குண்டுமல்லிப் பதியன்களைத் தந்ததோடு நிற்காமல், ஒன்றரை அடிக் குழி, தொழு உரம், செடிக்குச் செடி 4 அடி என்று பக்கத்தில் நின்று நட வைத்தீர்கள். நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதையும் கைபிடித்துக் காட்டினீர்கள். தயங்கி நுனியை மட்டும் கிள்ளினால் செடி உயரமாகப் போகும், பூ குறையும். சக்கர நாற்காலியில் இருப்பவர் மூக்குக்கு எட்டாது.

வாசனைச் செடியை எங்கே வைப்பது என்பதில்தான் கடற்கரைப் பூங்கா தோற்கும் அல்லது ஜெயிக்கும். மல்லியும் தாழம்பூவும் தாமாக மணம் விடுபவை. திறந்த காற்றில் வைத்தால் மணம் மூக்குக்கு வருவதற்குள் காற்றோடு போய்விடும், ஆகவே அவை வேலியின் மறைவில். துளசி, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை ஆகியவை கசக்கினால்தான் மணக்கும்; அவை கைப்பிடிக் கம்பியை ஒட்டி. எல்லாவற்றையும் நெருக்கி நட்டால் மூக்கு சீக்கிரம் களைத்து எதையும் பிரித்தறியாது. அதனால் இரண்டு மணத்துக்கு நடுவே வெட்டவெளி விட்டிருக்கிறோம்.

பிரெயில் புள்ளியெழுத்துத் தகடுகளை விரலால் படித்துப் பார்த்துப் பிழை சொன்ன மாணவ மாணவியருக்கு என்ன கைம்மாறு செய்வோம்! நிமிர்த்தி வைத்த தகட்டைப் படிக்க மணிக்கட்டை மடக்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் இடுப்பளவு உயரத்தில் சாய்த்து வைத்தோம். மத்தியானத்தில் தகடு விரலைச் சுடுகிறது என்றீர்கள். பூவரசு நிழலுக்கு மாற்றினோம். புள்ளிகளுக்கு நடுவே உப்பு படிந்து இறுகினால் ஓர் எழுத்துக்குரிய 6 புள்ளியில் எது இருக்கிறது, எது இல்லை என்று விரலுக்குத் தெரியாமல் எழுத்தே மாறிப்போகிறது என்பதையும் கண்டுபிடித்தது உங்கள் விரல்தான். இப்போது வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த பழந்துணியால் துடைக்கிறோம். இரும்பு ஆணி துருவேறிப் பருத்துப் பலகையைப் பிளந்ததால், உப்புக்காற்றில் எளிதில் துருவேறாத 316 ரக எவர்சில்வர் ஆணி வாங்கித் தந்த கடைக்காரருக்கும் நன்றி.

கைப்பிடிக் கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தந்தவர்கள் மீனவர்கள். ஒரு முடிச்சு வந்தால் அந்தப் பக்கம் மணம், இரண்டு வந்தால் தொடுகை, மூன்று வந்தால் ஓசை. நைலான் கயிறு வெயிலில் நொய்ந்து, முள் மாதிரி நார் விட்டு உள்ளங்கையில் குத்தும். அதைத் தடவிப் பார்த்து மாற்றுவதற்கு மாதாமாதம் வருகிறீர்களே, அதற்குத் தனி நன்றி.

கொத்தனார்கள் 5 அடி அகலப் பாதையும், 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏறும் சாய்வும் பிசகாமல் போட்டார்கள். பாத்திக்குக் கீழே முழங்கால் நுழைய இடம் விட்டதால் நாற்காலியில் வருபவர் பக்கவாட்டில் திரும்பாமல் நேராக மண்ணைத் தொடுகிறார்.

நாட்டு வைத்தியம் தெரிந்த ஆச்சிமார் எருக்கையும் அரளியையும் அடையாளம் காட்டி எடுக்கச் சொன்னார்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதல். அரளியில் எல்லாப் பாகமும் நஞ்சு. தொட்டுப் பார்க்கச் சொல்லும் இடத்தில் இவற்றுக்கு இடமில்லை. இராவணன் மீசை மணலைப் பிடிக்கும் நல்ல புல்தான், ஆனால் முனை குத்தும்; அதை வேலிக்கு வெளியே கடல் பக்கம் விட்டோம். உமிரிச் செடி மட்டும் உள்ளே. கிள்ளி வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் அந்த இலைதான் பிள்ளைகளுக்குப் பிரியம்.

தொடுமேசைக்குப் பவளப்பாறைத் துண்டு கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பதால் அதை ஏற்க முடியவில்லை. மனம் கோணாமல் பனங்கொட்டையும் வலை மிதவையும் தந்தீர்கள்.

பூங்காவுக்கு வர நினைப்பவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள். அந்திக்குத்தான் மல்லி மொட்டு அவிழும்.

கடைசியாக, பெருக்கும் அம்மாமாருக்கு. ஓடு பதித்த பாதையில் ஈரச்சருகு வழுக்கும் என்று தினமும் விடியுமுன் கூட்டி அள்ளுகிறீர்கள். மூன்று முடிச்சுப் பக்கம் மட்டும் காய்ந்த சருகைக் கூட்டாமல் விடுகிறீர்கள், நடப்பவர் காலடி கேட்கட்டும் என்று.

இப்படிக்கு,
பூங்காப் பராமரிப்புக் குழுவினர்