மணிக்குக் கணக்குச் சொல்கிறீர்கள், தட்டைக்கு?

வீரிய ஒட்டு மக்காச்சோள விதை விற்கும் நிறுவனத்தாருக்கும், ரகங்களைச் சோதித்துப் பரிந்துரைக்கும் விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

புரட்டாசி விதைப்பு நெருங்குகிறது. பெரம்பலூர்க் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிற எங்களுக்கு, எந்த விதையை வாங்குவது என்பதுதான் வருடத்தின் பெரிய முடிவு. உங்கள் துண்டறிக்கையில் ஏக்கருக்கு இத்தனை குவிண்டால், இத்தனை நாள் வயது, நுனிவரை மணி என்று இருக்கும். நாமக்கல் கோழிப்பண்ணைக்கு மணி போடுகிறவருக்கு அது போதும். எங்களில் பலருக்கு மாடும் உண்டு. விலை இறங்கினாலோ கடைசி மழை பொய்த்தாலோ, நிற்கிற பயிரை அப்படியே வெட்டி, குழியில் காற்றுப் புகாமல் மிதித்து மூடிப் புளிக்கவைக்கும் மாட்டுத் தீவனமான சைலேஜ் போட்டுவிடலாம் என்று பார்க்கிறோம். அதற்கு எந்த ரகம் தோது என்று கேட்டால், "நல்லா உயரமா வரும், எடுத்துட்டுப் போங்க" என்பதுதான் கடையில் கிடைக்கும் பதில்.

உயரத்தை வைத்து சைலேஜ் ரகம் பார்க்க முடியாது. ஆப்பிரிக்கன் டால் நன்றாக உயரும், 60, 65 நாளில் பசுந்தீவனமாக அறுத்துப் போட அருமையான ரகம். சைலேஜ் அப்படி இல்லை. அதன் சத்தில் ஏறக்குறைய பாதி மணியில் இருக்கும் மாவிலிருந்து வருகிறது. ஆகவே கதிர் திரட்சியாக இருக்க வேண்டும், தட்டையும், அதாவது தண்டும், பச்சை மாறாமல் நிற்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மணி வாங்கும் வியாபாரி 14 சதவீத ஈரப்பதம் கேட்கிறார் என்பதால், சீக்கிரம் காயும் ரகங்களாகப் பார்த்துக் கொடுக்கிறீர்கள். சிலவற்றில் கதிரோடு சேர்ந்து இலையும் தட்டையும் சருகாகிவிடுகிறது. சைலேஜுக்கு வெட்டும்போது முழுச்செடியில் 65 முதல் 70 சதவீதம் ஈரம் வேண்டும். கதிரை நடுவில் ஒடித்து மணியைப் பார்த்தால், மேல்பாதி மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, அடிப்பாதியில் இன்னும் பால் இருக்கும். அதுதான் பருவம். அதற்கு முன்பே வெட்டினால் குழியில் தண்ணீர் வடிந்து சத்து போகும். தாமதித்தால் எவ்வளவு மிதித்தாலும் காற்று நின்று பூஞ்சை பிடிக்கும். வெட்டும் இயந்திரம் ஊருக்கு வருவதோ அதன் முறைப்படிதான். ஒரு ரகம் அந்தப் பருவத்தில் நான்கு நாள் நிற்குமா, பத்து நாள் நிற்குமா என்பது எங்களுக்குக் குவிண்டால் கணக்கைவிட முக்கியம்.

அப்புறம், கதிரைச் சுற்றியிருக்கும் தோகை அதை மூடும் விதம். 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து, புழு கடித்த கதிர் நுனியில் பூஞ்சை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு தீவனத்தோடு நிற்பதில்லை, பாலிலும் இறங்கும். குழந்தைகள் குடிக்கிற பால் அது. நுனியை இறுக்கமாக மூடும் ரகம் எது என்று சோதனைத் திடலில் நடந்து பார்த்த உங்களுக்குத் தெரியும். அதையும் எழுதுங்கள்.

நாங்கள் கேட்பது புது ரகம் இல்லை. இருக்கிற ரகங்களுக்கே முழுச்செடியின் உலர் எடை, மணி முற்றும்போது தட்டையின் பசுமை, வெட்டுக்குக் கிடைக்கும் நாட்கள், நெருக்கி நட்டால் சாயுமா என்ற விவரம், இவ்வளவையும் மானாவாரிக்கும் இறவைக்கும் தனித்தனியாக அளந்து தமிழில் வெளியிடுங்கள். விதை கடைக்கு வரும் ஆவணியிலேயே அந்த அட்டவணை எங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோள விவசாயி